மெய்யை விழுங்கிய கூடம்

எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அதைத் தானும் ஒரு முறை சொல்லிப் பார்க்கும். ஒரு முறையோடு நில்லாமல் நாலைந்து முறை முணுமுணுத்த பிறகுதான் ஓயும். முப்பத்தொரு ஆண்டுகளாக அந்தக் கூடத்தில் புழங்கியும் இதனை நான் ஒரு குறையாக எண்ணியதில்லை. பெருமையாகவே எண்ணி வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

தென் கொல்கத்தாவில் ஏரிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், பழைய மாளிகை ஒன்றின் முதல் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கூடம் 28 அடி நீளம், 18 அடி அகலம், 14 அடி உயரம். தரை சிவப்புச் சிமெண்டால் கண்ணாடிபோல் மெழுகப்பட்டது. மேலே இரும்பு உத்தரங்கள் தாங்கும் தளம். இதனை வங்காளிகள் ‘கடி-பர்கா’ என்பார்கள். சென்னையிலிருந்து வரும் உறவினர்கள், தங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் எட்டரை அடி உயர அறைகளை நினைத்துக்கொண்டு, “உங்களுக்கென்ன, அரண்மனையில் வாழ்கிறீர்கள்” என்று பெருமூச்சு விடுவார்கள். நானும் அதை மறுத்துப் பேசியதில்லை.

சென்ற தீபாவளிக்கு என் மகன் ஹோம் தியேட்டர் ஒன்று வாங்கிவந்தான். என் அன்னைக்காக வாங்கியது. அம்மாவுக்கு 86 வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, என் தந்தையார் காலமானபின், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்களோடு வந்து சேர்ந்தவர். தமிழ் பேசும் முகங்கள் வீட்டுக்குள் மட்டுமே உள்ள ஊரில், அவருக்குப் பொழுது போவது பழைய திரைப்படங்களால்தான். நல்ல ஒலியோடு கேட்கட்டுமே என்று மகன் ஆசைப்பட்டான். ஐந்து ஒலிபெருக்கிப் பெட்டிகள். அடித்தொண்டைக் குரலுக்கென்று தனியே சப்வூஃபர் என்னும் கனத்த பெட்டி ஒன்று. இவற்றையெல்லாம் ஆட்டிப்படைக்க ரிசீவர் ஒன்று. கடையிலிருந்து வந்த இளைஞர் பெட்டிகளைக் கண்ணுக்கு அழகான இடங்களில் நிறுத்தினார். சப்வூஃபரைக் காலில் இடறாதவாறு மூலையில் ஒதுக்கினார். போகும்போது ‘ஹால்’ என்ற பெயருள்ள ஏதோ ஒரு பொத்தானையும் அழுத்திவிட்டுப் போனார். பெரிய மண்டபத்தில் அமர்ந்து கேட்பதுபோன்ற முழக்கத்தை அது உண்டாக்குமாம். ஏற்கெனவே மண்டபமாக இருந்த கூடத்துக்கு இன்னொரு மண்டபத்தைச் சேர்த்தாயிற்று!

அன்று மாலை 1965ஆம் ஆண்டின் ‘திருவிளையாடல்’ படத்தைப் போட்டோம். தருமியாக நாகேஷ் தோன்றும் காட்சிக்காக அம்மா காத்திருந்தார். காட்சி வந்தது. கேள்வியும் பதிலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எது யாருடைய குரல் என்றே விளங்காமல் போயிற்று. இசை எழுந்தபோதெல்லாம் அலமாரியில் இருந்த கண்ணாடிக் குவளைகள் தாமும் தாளம் போட்டன. அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“எல்லாரும் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறதே, ஐயா. எனக்குக் காது போய்விட்டது போலிருக்கிறது. நிறுத்திவிடு” என்றார்.

ஒலியைக் கூட்டினேன். கிணறும் சேர்ந்து பெரிதாயிற்று.

படம் கிடக்கட்டும், இதனினும் பெரிய சங்கடம் ஒன்று எங்கள் வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்தது. என் பேரனுக்கு ஏழு வயது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் வங்காளி, வீட்டில் தமிழ் என்று மும்மொழிக்கிடையே வளர்பவன். அந்தி வேளையில் அம்மா கூடத்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து அவனுக்கு விக்கிரமாதித்தன் கதை சொல்லுவார். அவன் எதிர்ச் சுவரோரமாகத் தன் விளையாட்டுச் சாமான்களோடு உட்கார்ந்து கேட்பான். ஆனால் நாலு வாக்கியத்துக்கு ஒரு முறை, “கீ போல்லே?” என்பான். வங்காளியில் ‘என்ன சொன்னாய்’ என்று பொருள். அம்மா திரும்பச் சொல்லுவார். மறுபடியும் “கீ போல்லே?” வரும். மூன்றாம் வேதாளக் கதையில் ஒரு நாள் அம்மா நிறுத்திவிட்டார். “இவனுக்குத் தமிழ் போய்விட்டது. நான் யாருக்குச் சொல்லுகிறேன்?” என்றார்.

அந்த ஒரு சொல் வீட்டில் என்னென்ன செய்தது என்பதைப் பிறமாநிலத்தில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. என் மனைவி மருமகளைப் பார்த்தாள்; மருமகள் மகனைப் பார்த்தாள்; மகன், “அப்பா காலத்தில் நான் தமிழ் கற்கவில்லையா?” என்று என் பக்கம் திரும்பினான். நானோ, வீட்டில் பெரியவன் என்ற அதிகாரத்தில், அந்தக் குழந்தையையே கடிந்துகொண்டேன். “தமிழ்ப் பிள்ளை, தமிழ் சொன்னால் விளங்கவில்லையா?” என்று கேட்டேன். அவன் அதற்குப்பின் மாலையில் கூடத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். இதை எழுதும்போது எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

உண்மையை வெளிப்படுத்தியது ஒரு மின்தடை. சித்திரை மாதத்தில் ஓர் இரவு விளக்கெல்லாம் அணைந்தன. புழுக்கம் தாங்காமல் அம்மாவும் பேரனும் தெருப்பக்கத்துத் திறந்த மாடத்தில் போய் உட்கார்ந்தார்கள். பொழுது போகவேண்டுமே என்று அம்மா ஏதோ கதை தொடங்கினார். நான் கூடத்துக்குள் இருட்டில் விசிறியோடு அமர்ந்து, எப்போது “கீ போல்லே” வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கதை நடந்தது. ஒரு தடவைகூட வரவில்லை. “அந்த இராசா ஏன் பெரிய ஆச்சி திரும்ப மரத்துக்குப் போனான்?” என்று தமிழிலேயே அவன் கேட்டதுதான் வந்தது.

மறுநாள் நான் ஒரு பரீட்சை வைத்தேன். பத்து, பட்டு, கத்தி, கட்டி, தப்பு, தட்டு என்று ஓசையில் நெருங்கிய இருபது சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சிறிய படுக்கையறையில் அவனை 15 அடி தள்ளி, கதவோரம் நிறுத்தி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அங்கே மெத்தை, தலையணை, துணி நிரம்பிய கொடி எல்லாம் உண்டு. இருபதில் பத்தொன்பதைச் சரியாகத் திருப்பிச் சொன்னான். அதே 15 அடியில், கூடத்தில், சொற்களின் வரிசையை மாற்றிச் சொன்னேன். ஒன்பதுதான் சரி. பையன் ஒருவன், தாத்தா ஒருவன், தமிழ் ஒன்று. மாறியது அறை மட்டுமே.

நம் இலக்கண ஆசிரியர்கள் எழுத்தை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்துவைத்தார்கள். ஒலியியலார் கூறுவதையும் அந்தச் சொற்களைக் கொண்டே சொல்லிவிடலாம். பேச்சில் உயிரொலிகள் வலிமை மிக்கவை, நீண்டு நிற்பவை. க், ச், ட், த், ப் முதலிய வல்லின மெய்களோ நலிந்தவை, கணத்தில் தோன்றி மறைபவை. ஆனால் ஒரு சொல்லை இன்ன சொல் என்று பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மெய்யே. எதிரொலிக்கும் அறையில் ‘ப’வில் உள்ள அகரம் சுவருக்குச் சுவர் மோதி ஒலித்துக்கொண்டே இருக்க, அடுத்து வரும் ‘த்’தோ ‘ட்’டோ அதன் அடியில் புதைந்துபோகிறது. உயிர் நிற்கிறது, மெய் மறைகிறது. மொழியில் ஊறிப்போன நமக்கு இது தெரிவதில்லை. பாதி காதில் விழுந்தால் மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். சிறு பிள்ளைகளுக்கும், அந்த மொழியை நாளில் சில மணி நேரமே கேட்பவர்களுக்கும் அப்படி நிரப்பக் கையிருப்பு இல்லை. முதுமையில் காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளை. மெய்களின் அடையாளம் பெரிதும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே எங்கள் அரண்மனைக் கூடம், வீட்டில் மிகவும் மூத்தவரையும் மிகவும் இளையவனையும் தேர்ந்து பிடித்து வாட்டியிருக்கிறது. நடுவயதுக்காரர்களாகிய நாங்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்!

அதன்பின் நான் சும்மா இருக்கவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் வீட்டார் படும் பாடு தனி. முதலில் அடுத்த வீட்டு நண்பர் சொன்னபடி சுவரில் தெர்மோகோல் பலகைகளை ஒட்டினேன். கைதட்டிப் பார்த்தேன், கூடம் முன்போலவே திருப்பித் தட்டிற்று. இன்னொருவர் முட்டை அட்டைகளை ஒட்டச் சொன்னார். நல்ல வேளையாக அதற்குள் படிக்கத் தொடங்கியிருந்தேன்.

1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் சொற்பொழிவு மண்டபத்தில் எங்கள் வீட்டுச் சங்கடமே இருந்தது. பேசுபவர் சொல் யாருக்கும் விளங்கவில்லை. அதனைச் சீர்செய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் வந்தது. அவர் அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து மண்டபத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து, ஓசை அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். மெத்தை கூடக் கூட ஓசை விரைந்து அடங்கிற்று. விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவாராம். இப்படிப் பல இரவுகள் விழித்து, 1898இல் ஒரு விதி கண்டார். அறையின் கன அளவு பெருகினால் எதிரொலி நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்புப் பெருகினால் குறையும். 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் அந்தக் கணக்கைத் துணைக்கொண்டு கட்டப்பட்டது.

அவர் கொண்ட அளவுகோல்தான் என் மனத்தை ஈர்த்தது: திறந்த சன்னல். ஒரு சதுர அடி திறந்த சன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது. ஆகவே அது முழு உறிஞ்சி. பூச்சுச் சுவர் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். மெழுகிய சிமெண்டுத் தரை அதனினும் குறைவு. இதைப் படித்தபோது எங்கள் கிராமத்து வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தது. மேலே வானம்; ஒரு பெரிய திறந்த சன்னல்! அங்கே தாழ்வாரத்தில் அமர்ந்து அம்மா எனக்குச் சொன்ன கதைகளில் ஒரு சொல்கூடத் தவறியதில்லை. அதே அம்மாவை இங்கே கொண்டுவந்து ஒரு சிமெண்டுப் பெட்டிக்குள் உட்காரவைத்துக் கதை சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

கணக்குப் போட்டேன். கூடம் 7,056 கன அடி. எல்லாப் பரப்பும் சேர்ந்து உறிஞ்சுவது ஏறக்குறைய 138 சதுர அடித் திறந்த சன்னலுக்குச் சமம். சபைன் விதிப்படி ஓசை, பத்து இலட்சத்தில் ஒரு பங்காகத் தேய இரண்டரை நொடி ஆகும். வீட்டில் பேச்சுக் கேட்க அரை நொடிக்குச் சற்று மேலிருப்பதே நலம். இன்னொரு கணக்குத்தான் என்னைத் திடுக்கிடவைத்தது. அந்த அறையில் ஒலிபெருக்கியிலிருந்து சுமார் நாலு அடி தள்ளிப் போனால், பெட்டியிலிருந்து நேரே வரும் ஒலியைவிடச் சுவர்களிலிருந்து திரும்பி வரும் ஒலியே மிகுதி. நாங்கள் அமர்ந்திருந்ததோ 18 அடிக்கு அப்பால்! நாங்கள் கேட்டது நாகேஷை அன்று, கூடத்தை. ஒலியைக் கூட்டியும் பயன் இல்லாமற்போன காரணமும் இதுவே. நீங்கள் குரலை உயர்த்தினால் சுவரும் அதே அளவு உயர்த்தும்.

தெர்மோகோல் ஏன் தோற்றது என்பதும் விளங்கிற்று. ஒலியென்பது காற்றின் அசைவு. அந்தக் காற்று இழைகளுக்குள் புகுந்து உராய்ந்து தேய வேண்டும். தெர்மோகோலின் நுண்ணறைகள் மூடியவை; காற்றுப் புக வழியில்லை. முட்டை அட்டையோ மெல்லியது. அதன் பயன் சொற்பம், தீப்பற்றும் அச்சம் மிகுதி. வேண்டியது கனமான இழைத் திண்டு. இதற்குக் கொல்கத்தாவில் கடை தேட வேண்டியதில்லை. குளிர் காலம் வந்தால் தோளில் வில்லைச் சுமந்துகொண்டு, அதன் நரம்பைத் தெறித்து ஓசை எழுப்பியபடி பஞ்சு கொட்டுகிறவர் தெருவில் வருவார், ‘தூனுரி’ என்பார்கள். ரஜாய் தைத்துத் தருவது அவர் தொழில். ஆறடிக்கு நாலடி, நாலு அங்குலக் கனத்தில் எட்டுத் திண்டுகள் வேண்டுமென்றேன். எட்டுப் பேர் படுக்க இவ்வளவு கெட்டியாக எதற்கு என்று கேட்டார். சுவருக்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, முன்பணம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“வீடா, ஆஸ்பத்திரியா?” என்று என் மனைவி கேட்டாள். பிறகு அவளே தன் பழைய சுங்கடிச் சேலைகளை எடுத்துவந்து திண்டுகளுக்கு உறை தைத்தாள். உறைத் துணி எதுவானாலும் வாயை வைத்து ஊதினால் காற்று மறுபுறம் வரவேண்டும். ரெக்சின் போட்டால் உச்ச ஒலிகள் பட்டுத் திரும்பிவிடும். மரச் சட்டத்தில் கட்டி, சுவரை ஒட்டாமல் நாலு அங்குலம் விலக்கி மாட்டினோம். சுவரையொட்டிக் காற்றுக்கு அசைய இடமில்லை. சற்று விலகி நின்றால்தான் பஞ்சுக்கு வேலை கிடைக்கும். எந்த இடத்தில் மாட்டுவது என்று காட்டியவன் என் பேரன். நான் நாற்காலியில் அமர்ந்துகொள்ள, அவன் ஒரு முகக்கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போனான். எங்கே கண்ணாடிக்குள் ஒலிபெருக்கி எனக்குத் தெரிகிறதோ, அங்கேதான் ஒலி முதலில் பட்டுத் திரும்புகிறது. “நில்!” என்பேன், சாக்கட்டியால் பெருக்கல் குறி போடுவான். பின்சுவருக்குக் கனத்த திரைச்சீலை மடிப்பு மடிப்பாக. தரையில் ஜமக்காளத்துக்குப் பதிலாக ஒரு தடித்த கம்பளம். எல்லாம் சேர்ந்து உறிஞ்சும் பரப்பு 430 சதுர அடியை எட்டிற்று. எதிரொலி முக்கால் நொடிக்குச் சற்று மேல் வந்து நின்றது. அரை நொடிக்குக் கொண்டுவர இன்னும் பல திண்டுகள் வேண்டும். மனைவியின் பொறுமைக்கும் சேலைகளுக்கும் ஓர் எல்லை உண்டு.

சப்வூஃபர் மட்டும் வழிக்கு வரவில்லை. 41 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள ஓர் அடியொலி வந்தால் குவளைகள் இன்னும் ஆடின. அந்த ஒலியலையின் நீளம் 28 அடி. நாலு அங்குலப் பஞ்சு அதற்குக் கொசுவலை. காரணம் எங்கள் கூடத்தின் அளவிலேயே இருந்தது. இரு சுவர்களுக்கிடையே சில ஒலிகள் ஊஞ்சல்போல் தாமாகவே நின்று ஆடும். 28 அடி நீளத்துக்கு 20, 41 ஹெர்ட்ஸ். 14 அடி உயரத்துக்கும் 41. உயரம் நீளத்தின் சரிபாதியாக அமைந்துவிட்டதால் இரண்டு ஊஞ்சல்களும் ஒன்றுகூடி ஆடின. அரண்மனை கட்டியவர் கண்ணுக்கு அழகான விகிதத்தைப் பார்த்தார், காதை நினைக்கவில்லை. மூலையில் வைத்த பெட்டி எல்லா ஊஞ்சல்களையும் ஒருங்கே தள்ளிவிடும். கடைக்கார இளைஞர் சரியாக அங்கேதான் வைத்திருந்தார்.

பெட்டிக்கு உரிய இடம் காண ஒரு வேடிக்கையான முறை உண்டு. ஒலி தோன்றும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டால் விளைவு மாறாது என்பது ரேலே பிரபு காலத்திலிருந்தே தெரிந்த உண்மை. ஆகவே சப்வூஃபரை அம்மாவின் நாற்காலியில் தூக்கிவைத்து, மெல்ல ஏறி இறங்கும் அடியொலியை அதில் ஒலிக்கவிட்டு, 66 வயதான நான் கூடத்தைச் சுற்றித் தவழ்ந்தேன். எங்கே அது திரளாமலும் மறையாமலும் சீராகக் கேட்கிறதோ, அதுவே பெட்டிக்கு இடம். கதவு திறந்திருந்தது. எதிர்ப் பகுதியில் குடியிருக்கும் வங்காளிப் பெரியவர் எட்டிப் பார்த்து, என்ன தொலைந்துவிட்டது என்று பரிவோடு வினவினார். விளக்கம் சொல்லத் தொடங்கினேன். பாதி கேட்டதும் அவரும் வேட்டியை மடித்துக்கொண்டு தவழத் தொடங்கிவிட்டார். இருவரும் தனித்தனியே தேடி ஒரே இடத்தில் முட்டிக்கொண்டோம். பக்கச் சுவரோரம், முன்சுவரிலிருந்து ஏழடி. 28இல் கால் பங்கு ஏழு. நீளவாக்கில் ஆடும் 41 ஹெர்ட்ஸ் ஊஞ்சல் அசையாமல் நிற்கும் இடம் அதுதான் என்று பிறகு கணக்கும் ஒப்புக்கொண்டது. உயரவாக்கில் ஆடியதன் மிச்சத்தை ரிசீவரின் சமன்படுத்தியைக்கொண்டு தணித்தேன். மேட்டை அப்படித் தணிக்கலாம். பள்ளத்தை நிரப்ப முடியாது. ஊட்டுகிற ஒலிக்கு ஏற்ப அதை அழிக்கிற ஒலியும் வளரும்.

அந்தப் பெரியவர் தேநீர் அருந்தும்போது ராமனைப் பற்றிச் சொன்னார். 1907இல் அரசாங்கக் கணக்கு அலுவலகத்துக்கென்று கல்கத்தா வந்த நம் சி. வி. ராமன், அலுவல் நேரம் போக மிஞ்சிய பொழுதில் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞானக் கழகத்தில் அமர்ந்து, வீணையின் தந்தியையும் மிருதங்கத்தின் கரணையையும் ஆராய்ந்தவர் அல்லவா? “உங்கள் ஊர்க்காரர்கள் இங்கே வந்தால் ஓசையைத் துரத்துவதே வழக்கம் போலும்” என்றார் நண்பர். தவழ்ந்த களைப்புக்கு அது போதுமான கூலியாக இருந்தது.

மற்றவை சில்லறை வேலைகள். பேச்சு முழுவதும் நடு ஒலிபெருக்கியில்தான் வரும். அது தொலைக்காட்சி மேசையின் உள்தட்டில் ஒடுங்கி எங்கள் முழங்காலை நோக்கிப் பேசிக்கொண்டிருந்தது. தட்டின் விளிம்புக்கு இழுத்து, முகம் நிமிர்த்தி, மூன்று டெசிபல் உயர்த்தினேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டதை மட்டும் சப்வூஃபருக்கு ஒதுக்கினேன்; அதற்கும் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென்று காது கண்டுபிடிப்பது அரிது. நாற்காலிகளை ஒன்பது அடிக்கு முன்னே கொண்டுவந்தேன். ‘ஹால்’ பொத்தானை அணைத்தேன். அந்தக் காலப் படங்களுக்கு ஒரே ஒலித்தடந்தான். ஐந்து பெட்டிகளிலும் அதைப் பரப்புவது வீண். நடுப்பெட்டி ஒன்றே போதும். இவ்வளவு செலவு செய்து வாங்கியதில் ஒன்றுதான் பேசுகிறது என்று மகனுக்கு மனக்குறை உண்டு.

ஒரு எச்சரிக்கை. பஞ்சுத் திண்டுகள் இந்த ஊர் மழைக்காலத்தில் ஈரம் வாங்கிப் பூசணம் பிடிக்கும். மழை விட்டதும் மொட்டைமாடியில் வெயில் காட்டி, வேப்பிலை இட்டு மாட்ட வேண்டும். பூசை விளக்குக்கும் மின்கம்பிக்கும் தள்ளியே இருக்கட்டும்.

அதே இருபது சொற்களை, அதே 15 அடியில் மறுபடியும் பேரனிடம் சொன்னேன். பதினெட்டு. தவறிய இரண்டில் ஒன்று, என் பல் இல்லாத குறை என்று அவன் சாதிக்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘திருவிளையாடல்’ மீண்டும் ஓடிற்று. எல்லாம் ஒரே இரைச்சலாக இருக்கிறதென்று அம்மா பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்த காதுக் கருவியை அன்று தாமாகவே எடுத்து மாட்டிக்கொண்டார். தருமி வந்தார். என் பேரன் எனக்கு முன்னே சிரித்தான். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, “பெரிய ஆச்சி, இவருக்குப் பொற்காசு கடைசியில் கிடைக்குமா?” என்று கேட்டான்.

“பேசாமல் பார்” என்றார் அம்மா, என் பக்கம் திரும்பி, “இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறையேன், ஐயா. எதற்கு இப்படிக் கத்துகிறது?” என்றார்.

குறைத்தேன்.

மூன்றாம் கதையில் நின்றுபோன விக்கிரமாதித்தன், முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று பேரன் பிடிவாதம் பிடித்ததால், திரும்பவும் முதல் கதையிலிருந்தே வேதாளத்தைச் சுமக்கத் தொடங்கினார். இதை எழுதும் அந்தியில் பக்கத்தில் பதினோராவது கதை நடந்துகொண்டிருக்கிறது.